காஸி எப்படி மூழ்கியது? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

இந்தியா-பாகிஸ்தான் போர் தொடங்கிய 1971 டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில், விசாகப்பட்டினம் துறைமுக வாசலுக்கு வெளியே பாகிஸ்தான் கடற்படையின் ‘காஸி’ நீர்மூழ்கிக் கப்பல் வெடித்துக் கடலடியில் உட்கார்ந்தது. உள்ளே இருந்த 93 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. நாம்தான் மூழ்கடித்தோம் என்கிறது இந்தியா, இல்லை, அது விபத்து என்கிறது பாகிஸ்தான். ஒவ்வொரு டிசம்பரிலும் கடற்படை தினத்தை ஒட்டி இந்தச் சண்டை மறுபடி கிளம்பும், அப்போதெல்லாம் வரும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். என் சொந்தத் தீர்ப்பு எங்கே வருகிறதோ அங்கே அதையும் சொல்லிவிடுகிறேன்.

காஸி என்ன மாதிரிக் கப்பல்?

அமெரிக்கக் கப்பல். ‘டயாப்லோ’ என்ற பெயரில் 1945இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது, 1964இல் குத்தகையாகப் பாகிஸ்தானுக்கு வந்தது. தெற்காசியாவில் ஒரு கடற்படை ஓட்டிய முதல் நீர்மூழ்கி இதுதான். 1965 போரின்போது இந்தியாவிடம் நீர்மூழ்கியே கிடையாது (நம் முதல் ‘கல்வரி’ வந்தது 1967 கடைசியில்), அதனால் காஸி ஒன்று கடலில் எங்கோ இருக்கிறது என்ற நினைப்பே நம் கப்பல்களின் நடமாட்டத்தைக் கட்டிப்போட்டது. அந்தப் போரில் நம் ‘பிரம்மபுத்ரா’ போர்க்கப்பலைத் தாக்கியதாகப் பாகிஸ்தான் சொன்னது, ஆனால் பிரம்மபுத்ரா ஒரு கீறலும் இல்லாமல் நின்றது. பிற்பாடு துருக்கியில் பழுதுபார்த்தபோது கடற்கண்ணி (கடலில் கிடந்து, கப்பல் பட்டால் வெடிக்கும் குண்டு) போடும் வசதியையும் சேர்த்தார்கள். இந்தக் கண்ணி விஷயத்தை நினைவில் வையுங்கள், கதையே அதில்தான் திரும்புகிறது.

கராச்சியிலிருந்து விசாகப்பட்டினம் வரை ஏன் வந்தது?

விக்ராந்துக்காக. இந்தியாவிடம் அப்போதிருந்த ஒரே விமானந்தாங்கிக் கப்பல் அது. வங்காள விரிகுடாவில் அது நிற்கும்வரை கிழக்குப் பாகிஸ்தானுக்கு (இன்றைய வங்கதேசம்) கடல்வழி கிடையாது என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். பாகிஸ்தானிடம் பிரான்ஸிலிருந்து வாங்கிய புதிய நீர்மூழ்கிகள் மூன்று இருந்தன, ஆனால் அவ்வளவு தூரம் வந்து நின்று திரும்பும் தெம்பு பழைய காஸிக்கு மட்டும்தான் இருந்தது. 1971 நவம்பர் 14 அன்று கமாண்டர் ஜாபர் முகம்மது கான் தலைமையில் கராச்சியை விட்டுக் கிளம்பியது. முதல் வேலை, விக்ராந்தைக் கண்டுபிடித்து அடிப்பது. இரண்டாவது வேலை, விசாகப்பட்டினத்துக்கு வெளியே கண்ணி போடுவது.

மூழ்கிய கப்பலிலிருந்து முக்குளிப்பவர்கள் எடுத்த காகிதங்களை வைத்து இந்தியத் தரப்பு ஒரு பயணப் பாதையைச் சொல்கிறது. அதன்படி நவம்பர் 19 வாக்கில் இலங்கைக்கு அருகே, 20ஆம் தேதி வங்காள விரிகுடாவுக்குள், 23ஆம் தேதி சென்னைக்கு வெளியே. ஆமாம், அப்போதைய மெட்ராஸ். மெரினாவில் காற்று வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு யார் எதிரே கிடந்தார்கள் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்போது விக்ராந்த் எங்கே இருந்தது?

அந்தமானில். கொதிகலனில் விரிசல் விழுந்திருந்ததால் முழு வேகத்தில் ஓட முடியாத நிலை. அப்படிப்பட்ட கப்பல் ஒரு நீர்மூழ்கியிடம் மாட்டினால் தப்பிப்பது கஷ்டம். அதனால் நவம்பர் நடுவிலேயே மெட்ராஸிலிருந்து நகர்த்தி, வட அந்தமானின் போர்ட் கார்ன்வாலிஸில் ஒளித்துவைத்தார்கள். காஸி மெட்ராஸுக்கு வெளியே தேடியபோது விக்ராந்த் அங்கிருந்து போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது.

இங்கேதான் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் வருகிறார். நாகர்கோவிலில் பிறந்த தமிழர், இரண்டாம் உலகப் போரிலேயே வீரப் பதக்கம் வாங்கியவர், 1971இல் கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைவர். விக்ராந்த் இன்னும் விசாகப்பட்டினம் பக்கம்தான் இருக்கிறது என்று எதிரி நம்ப வேண்டும் என்பது அவர் திட்டம். ‘ராஜ்புத்’ என்ற பழைய நாசகாரிக் கப்பலை வெளியே அனுப்பி, விக்ராந்த் பேசுவதைப் போல வயர்லெஸில் ஏகப்பட்ட செய்திகளை அனுப்ப வைத்தார். ஒரு விமானந்தாங்கிக்கே தேவைப்படும் அளவில் இறைச்சியும் காய்கறியும் ஆர்டர் போகும்படி செய்தார், கடைத்தெருவில் பேச்சு கசியட்டும் என்றுதான். எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சாதாரணத் தந்தி. விக்ராந்தில் வேலை பார்க்கும் ஒரு மாலுமி, உடல்நிலை மோசமாக இருக்கும் தன் தாயைப் பற்றி விசாரிப்பதைப் போல, ரகசியக் குறியீடு எதுவும் இல்லாமல் வெளிப்படையாக அனுப்பப்பட்டது. ரகசியம் காக்கச் சோம்பல்படும் கடற்படையைப் போல நடித்தார்கள். இதெல்லாம் கிருஷ்ணனே தன் நினைவுக்குறிப்பில் எழுதியது.

காஸி வந்திருப்பது இந்தியாவுக்கு எப்படித் தெரிந்தது?

எண்ணெயால். கிழக்குப் பாகிஸ்தானின் துறைமுகமான சிட்டகாங்கில் இருந்த பாகிஸ்தான் கடற்படை அலுவலகத்துக்கு வந்த ஒரு செய்தியை இந்தியா ஒட்டுக்கேட்டது. அதில் ஒரு குறிப்பிட்ட மசகு எண்ணெய் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். அந்த எண்ணெய் நீர்மூழ்கிகளுக்கும் கண்ணி அகற்றும் கப்பல்களுக்கும்தான் பயன்படும். அவ்வளவு தூரம் வரக்கூடிய நீர்மூழ்கி அவர்களிடம் ஒன்றே ஒன்று. மீதியை நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

சரி, அன்றிரவு என்னதான் நடந்தது?

இந்தியாவின் கதை இது. எரிபொருள் நிரப்பிய ராஜ்புத், 3ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங். வழிகாட்டி விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்டிருந்தன. துறைமுகத்தை விட்டு வெளியேற வழிகாட்டிய பைலட்டை வாசலில் இறக்கிவிட நின்றபோது இந்தர் சிங்குக்கு ஒரு யோசனை. வெளியே நீர்மூழ்கி காத்திருந்தால், மெதுவாக நகரும் இந்த நேரத்தில்தானே அடிக்கும்? பைலட் இறங்கியதும் வேகத்தைக் கூட்டினார். கொஞ்ச நேரத்தில் முன்னால் நீர் கலங்குவதைப் பார்த்ததாக மேல்தளத்தில் இருந்தவர் சொல்ல, அந்த இடத்துக்குப் பாய்ந்து இரண்டு டெப்த் சார்ஜ் குண்டுகளைப் போட்டார். கடலில் அமிழ்ந்து, குறித்த ஆழத்தில் வெடிக்கும் பீப்பாய்க் குண்டுகள் அவை. கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ராஜ்புத் தன் வழியே வங்கதேசக் கரை நோக்கிப் போய்விட்டது.

சற்று நேரத்தில் ஊரே கேட்கும்படி ஒரு பெரிய வெடிச் சத்தம். பாகிஸ்தான் விமானங்கள் மேற்கே நம் விமானதளங்களைத் தாக்கிய நாள் அது, பிரதமர் இந்திரா காந்தி வானொலியில் பேசப்போகிறார் என்று ஜனங்கள் தூங்காமல் காத்திருந்தார்கள். ஜன்னல்கள் அதிர, பூகம்பமோ என்று பலர் வெளியே வந்தார்கள். விடிந்ததும் கடலில் எண்ணெய்ப் படலமும் மிதக்கும் பொருட்களும் இருப்பதாக மீனவர்கள் வந்து சொன்னார்கள்.

அப்படியானால் ராஜ்புத்தானே மூழ்கடித்தது? இதில் என்ன சந்தேகம்?

நிறைய. முதலில், இரண்டே இரண்டு குண்டுகள். நீருக்கடியில் இருக்கும் எதிரியின் துல்லியமான இடம் தெரியாமல் டெப்த் சார்ஜ் போடுவது இருட்டில் கல்லெறிவதுதான், அதனால்தான் உலகப் போரில் வரிசையாகவும் கொத்தாகவும் போட்டார்கள். நீர்மூழ்கியின் உடலைப் பிளக்க வேண்டுமென்றால் குண்டு சில மீட்டர் நெருக்கத்தில் வெடிக்க வேண்டும். அலை கலங்கியதைப் பார்த்துப் போட்ட இரண்டு குண்டு அவ்வளவு நெருக்கத்தில் விழுந்திருந்தால் அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை நிரூபணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, ஊர் கேட்ட அந்தச் சத்தம். இரண்டு டெப்த் சார்ஜ் வெடித்து நகரத்தின் ஜன்னல்கள் ஆடுமா? அவ்வளவு பெரிய வெடி என்றால் காஸியின் உள்ளே இருந்த கண்ணிகளோ டார்பிடோக்களோ (நீருக்கடியில் பாய்ந்து சென்று வெடிக்கும் குண்டுகள்) சேர்ந்து வெடித்திருக்க வேண்டும். அதற்குப் பொறி வைத்தது ராஜ்புத்தின் குண்டா, வேறொன்றா என்பதுதான் கேள்வி.

உள்ளிருந்தே வெடித்திருக்க முடியுமா?

தாராளமாக. மூன்று வழிகள் பேசப்படுகின்றன.

காஸி தானே போட்ட கண்ணியில் தானே மாட்டியிருக்கலாம். துறைமுகத்தின் விளக்குகள் அணைந்திருக்க, கரையின் அடையாளங்கள் தெரியாமல், வளைந்து வளைந்து கண்ணி போட்டுக்கொண்டே போகும் கப்பல் தன் பழைய தடத்துக்கே திரும்பி வந்துவிடுவது நடக்கக்கூடியதுதான். அல்லது கண்ணியை வெளியே தள்ளும் குழாயிலேயே ஏதாவது கோளாறாகியிருக்கலாம்.

இன்னொன்று ஹைட்ரஜன். டீசல் எஞ்சினும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் இந்த வகைக் கப்பலில் இரண்டு பெரிய பேட்டரி அறைகள், ஒவ்வொன்றிலும் 126 செல்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும், காற்றில் அது 4 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு தீப்பொறி போதும். காற்றோட்டம் சரியில்லாத பழைய கப்பலில், பல நாள் கடலில் கிடந்த பிறகு, இது சாதாரண ஆபத்து இல்லை.

மூன்றாவது, ராஜ்புத்தின் தாக்குதலும் உள்வெடிப்பும் கலந்தது. ராஜ்புத்தின் குண்டு அருகே வெடித்த அதிர்ச்சியில் உள்ளே இருந்தது வெடித்திருக்கலாம், அல்லது ராஜ்புத் வருவதைக் கண்டு காஸி அவசரமாக அடியில் இறங்கித் தரைதட்டி, அதில் ஏதோ வெடித்திருக்கலாம்.

என்னைக் கேட்டால், வெடிப்பு உள்ளிருந்துதான் வந்தது என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. அதைக் கிளப்பியது ராஜ்புத் என்பதைத்தான் நான் பாதி மனதோடு ஏற்கிறேன். நம் கடற்படையின் அதிகாரபூர்வ வரலாறே இந்தச் சாத்தியங்களை எல்லாம் பட்டியலிட்டுவிட்டு ஒன்றில் முத்திரை குத்தாமல் விடுகிறது. இணையத்தில் குத்துகிற அளவுக்குக் கடற்படையே குத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பாகிஸ்தான் என்ன சொல்கிறது?

கண்ணி போடும்போது ஏற்பட்ட விபத்து என்கிறது. நவம்பர் 26 வாக்கில் வரவேண்டிய செய்தி காஸியிடமிருந்து வரவில்லை, போர் தொடங்கும் முன்பே கராச்சியில் கவலை ஆரம்பித்துவிட்டது என்று அவர்கள் தரப்பு எழுதுகிறது. கூடவே ஒரு முக்கியமான வாதம் உண்டு. விக்ராந்த் கிடைக்காததால், இரண்டாவது வேலையான கண்ணி போடுதலுக்காகத்தான் காஸி விசாகப்பட்டினம் வந்தது, யாரும் ஆசை காட்டி இழுத்து வரவில்லை என்பது. இதைச் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது. விசாகப்பட்டினம் கிழக்குப் பிரிவின் தலைமையகம், கண்ணி போட வேண்டுமென்றால் அங்கேதான் போடுவார்கள். ஆக, கிருஷ்ணன் வலை விரித்தது உண்மை, மீன் அந்த வலைக்காகத்தான் வந்ததா என்பது தெரியாது.

டிசம்பர் 3க்கு முன்பே மூழ்கிவிட்டது என்று ஒரு ராணுவ ஜெனரலே சொன்னாராமே?

லெப்டினன்ட் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப். 1971இல் ராணுவத்தின் கிழக்குப் பிரிவில் தலைமைப் பணி அதிகாரி, டாக்காவில் சரணடைதல் பத்திரத்தைப் பேசி முடித்தவர். கிருஷ்ணன் டிசம்பர் 3ஆம் தேதி காலையிலேயே தனக்குப் போன் செய்து, காஸியின் சிதைவுகளை மீனவர்கள் கண்டெடுத்ததாகவும், இது கடவுள் செயல் என்றும் சொன்னதாக ஜேக்கப் எழுதியிருக்கிறார். மறுநாள் திரும்பக் கூப்பிட்டு, டெல்லிக்குச் சொல்லிவிட்டீர்களா என்று விசாரித்து, இல்லை என்றதும் நேற்றுப் பேசியதை மறந்துவிடுங்கள் என்றாராம்.

இது சரியென்றால் ராஜ்புத் கதை மொத்தமும் கவிழ்ந்துவிடும், ஏனென்றால் அது கிளம்பியதே 3ஆம் தேதி இரவுதான். ஆனால் ஜேக்கப் இதை எழுதியது பல பத்தாண்டுகள் கழித்து, கிருஷ்ணன் இறந்து வெகுகாலம் ஆன பிறகு. ஒரு நாள் முன்னே பின்னே நினைவு வழுக்குவது மனித இயல்பு. எதிர்ப்பக்கம், நள்ளிரவில் வெடிச் சத்தம் கேட்டு எழுந்து வந்த ஊர் மக்கள். ஜேக்கப்பின் தேதியை நான் நம்பவில்லை. ‘மறந்துவிடுங்கள்’ என்றதை நம்புகிறேன், அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் வேலைமெனக்கெட்டுக் கற்பனை செய்வதில்லை.

மூழ்கியது 4ஆம் தேதி, அறிவித்தது 9ஆம் தேதி. ஏன் அத்தனை நாள்?

காஸிதான் என்று உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. முக்குளிப்பவர்கள் இறங்கி, அடையாளம் கண்டு, உடல்களையும் காகிதங்களையும் மேலே கொண்டுவந்த பிறகே சொன்னார்கள். சத்தமில்லாமல் இருப்பதில் ஆதாயமும் இருந்தது, காஸி இன்னும் உயிரோடு இருப்பதாகக் கராச்சி நினைக்கட்டும் என்று. விக்ராந்தின் விமானங்கள் 4ஆம் தேதியே காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கத் தொடங்கிவிட்டன. அறிவித்த அதே 9ஆம் தேதி இரவில்தான் நம் ‘குக்ரி’ போர்க்கப்பல் மூழ்கியது. இரண்டையும் முடிச்சுப்போட்டுச் சதி பேசுபவர்கள் உண்டு, அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

உள்ளே இருந்தவர்களைப் பற்றி ஏதாவது தெரியுமா?

கொஞ்சம். கிருஷ்ணனின் குறிப்பில் இரண்டு விஷயங்கள் வருகின்றன. மேலே கொண்டுவந்த உடல்களில் ஒன்று கையில் ஒரு ஸ்பேனரை இறுகப் பிடித்திருந்தது, எதையோ திருகிக்கொண்டிருந்த கை. இன்னொரு மாலுமியின் பையில், நிச்சயித்த பெண்ணுக்கு உருதுவில் எழுதிய, அனுப்பப்படாத கடிதம். அதைப் படித்தது எதிரி நாட்டின் அட்மிரல்.

கிருஷ்ணன் மிகைப்படுத்தினாரா?

அவருடைய ஏமாற்று வேலை நடந்தது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை, அது விக்ராந்தைக் காப்பாற்றியது என்பதே ஒரு தளபதிக்குப் போதுமான பெருமை. அதற்கு மேல் ‘ராஜ்புத்தான் அடித்தது’ என்று அவர் உறுதியாக எழுதியது எனக்குத் தேவையில்லாத வேலையாகவே படுகிறது. ஆனாலும், போரின் நடுவில் தன் ஆட்களின் பெயரில் ஒரு வெற்றியை எழுதுவதா, இல்லை ‘தானாக வெடித்திருக்கலாம்’ என்று எழுதுவதா என்றால், எந்தத் தளபதி இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பார்?

இந்தர் சிங்கின் பங்கைக் குறைத்துச் சொல்கிறீர்களா?

இல்லை. ஒரு பழைய கப்பலில், வெளியே நீர்மூழ்கி இருக்கலாம் என்று தெரிந்தே, இருட்டில் போனார். வாசலில் வேகத்தைக் கூட்டியது சரியான யோசனை. குண்டு பட்டதோ இல்லையோ, அந்த நிமிடத்தில் அவர் செய்த எதிலும் குறை சொல்ல இடமில்லை.

காஸியின் கமாண்டர் ஜாபர் கான் தவறு செய்தாரா?

இறந்தவர் பதில் சொல்ல முடியாது, அதனால் அவர் தலையில் போடுவது சுலபம். அவரை அனுப்பியவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும். 1945இல் கட்டிய கப்பல், கராச்சியிலிருந்து ஏறத்தாழ 3,000 கடல் மைல் தள்ளி, பழுதுபார்க்கப் பக்கத்தில் உருப்படியான இடமில்லாமல், தொடர்ச்சியான தகவல் தொடர்பு இல்லாமல், விக்ராந்த் எங்கே என்ற பழைய செய்தியை வைத்துக்கொண்டு. ஆழம் குறைந்த, எதிரியின் துறைமுக வாசலில் அவ்வளவு நெருங்கியது துணிச்சலா அவசரமா என்று கேட்கலாம். ஆனால் கண்ணி போட வேண்டுமென்றால் நெருங்கித்தானே ஆக வேண்டும்.

கப்பலை ஏன் மேலே தூக்கவில்லை? தூக்கியிருந்தால் தெரிந்திருக்குமே?

போருக்குப் பிறகு அமெரிக்காவும் சோவியத் யூனியனும் தங்கள் செலவிலேயே தூக்கித் தருவதாகத் தனித்தனியே முன்வந்தன. இந்தியா இரண்டையும் மறுத்தது. அமெரிக்காவுக்குத் தன் பழைய கப்பல் மேல் அக்கறை, சோவியத்துக்கு அமெரிக்கக் கப்பல் மேல் ஆர்வம், நமக்கு இரண்டு பேரையும் விசாகப்பட்டினம் வாசலில் தோண்டவிட விருப்பமில்லை. இந்த அளவுக்குப் புரிகிறது. ஆனால் நாமே முழுமையாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டிருக்கலாமே என்பதற்கு எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை.

ஆவணங்களை அழித்துவிட்டார்கள் என்பது உண்மையா?

கடற்படையிடம் இருந்த காஸி சம்பந்தமான காகிதங்கள் அழிக்கப்பட்டுவிட்டதாக 2010இல் ஆங்கில நாளிதழில் செய்தி வந்தது. பழைய கோப்புகளை அவ்வப்போது கழிப்பது எந்த அரசு அலுவலகத்திலும் வழக்கம்தான், எல்லாவற்றிலும் சூழ்ச்சி பார்க்கத் தேவையில்லை. ஆனால் இப்படிப்பட்ட கோப்பைக் கழிப்பவர்களுக்கு, நாளை சந்தேகப்படுபவர்களைக் கோபித்துக்கொள்ள உரிமை கிடையாது.

குக்ரி விஷயத்தில் இந்த அளவு குழப்பம் இல்லையே?

அங்கே உயிர் பிழைத்தவர்கள் இருந்தார்கள். டையூவுக்கு அருகே பாகிஸ்தானின் ‘ஹாங்கோர்’ நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்ததில் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள், கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலை விட்டு இறங்காமல் அதனுடனேயே மூழ்கினார். அடித்த கப்பலின் கமாண்டர் அகமது தஸ்னிமும் பிற்பாடு பேசினார். இரண்டு பக்கமும் சாட்சி உண்டு. காஸிக்கு ஒரு பக்கம் முழுவதுமாக மௌனம்.

இந்திய நீர்மூழ்கி ஒன்று காஸியோடு கடலுக்கடியில் சண்டை போட்டது என்று சினிமாவில் காட்டினார்களே?

அது 2017இல் வந்த படத்துக்காகச் செய்த கற்பனை. அப்படி ஒரு சண்டையை எந்தத் தரப்பும் சொல்லவில்லை. படத்தை ரசியுங்கள், சரித்திரத் தேர்வில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கடற்படை தினம் டிசம்பர் 4 என்பது காஸிக்காகவா?

இல்லை. 1971 டிசம்பர் 4 இரவில் நம் ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கியதற்காக. விசாகப்பட்டினம் கடற்கரையில் ‘கடலில் வெற்றி’ நினைவுச்சின்னம் தனியாக இருக்கிறது, பக்கத்திலேயே ‘குர்சுரா’ நீர்மூழ்கியை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். போனால் குர்சுராவின் உள்ளே நடந்து பாருங்கள், பேட்டரியும் டார்பிடோவும் மனிதர்களும் எவ்வளவு இடுக்கில் ஒன்றாக இருந்தார்கள் என்பது மேலே சொன்ன ஹைட்ரஜன் விஷயத்தை நன்றாக விளக்கும்.

இனிமேலாவது தெரிய வருமா?

வரலாம். காஸி இன்னும் அங்கேயே கிடக்கிறது. மூழ்கிய நீர்மூழ்கிகளிலிருந்து ஆட்களை மீட்க இந்தியக் கடற்படை வாங்கிய ஆழ்கடல் வாகனம் அதைக் கண்டுபிடித்ததாகவும், இறந்தவர்களுக்கு மரியாதையாக அதைத் தொடவில்லை என்றும் 2024இல் செய்திகள் வந்தன. தொட வேண்டாம், படம் எடுத்தால் போதும். இரும்புத் தகடுகள் வெளிப்பக்கம் விரிந்திருந்தால் உள்ளே வெடித்தது, உள்பக்கம் மடங்கியிருந்தால் வெளியே வெடித்தது. டார்பிடோவும் கண்ணியும் செலுத்தும் முன்பக்கக் குழாய்களில் எத்தனை காலி, பேட்டரி அறை இருக்கும் நடுப்பகுதி எப்படி இருக்கிறது, கடலடியில் கண்ணிகள் ஏதும் கிடக்கின்றனவா, இந்த மூன்றையும் பார்த்தால் விபத்தா தாக்குதலா என்பதில் பாதிச் சண்டை தீரும். மீதிப் பாதி, ராஜ்புத்தின் குண்டு வெடித்த நிமிடமும் காஸி வெடித்த நிமிடமும் எவ்வளவு இடைவெளியில் இருந்தன என்பதில் இருக்கிறது. அதற்கு ராஜ்புத்தின் அன்றைய பதிவேடு வேண்டும்.